வாசலில் நின்ற வேன்

சொல்லிக்கொள்ளாமல் புறப்படத் தெரியாதவர்கள் என்று மனிதரில் ஒரு ரகம் உண்டு. நெல்லில் உள்ளதுபோல மனிதரிலும் எத்தனையோ ரகம் என்றாலும், எங்கள் பக்கத்து மண்ணுக்கு இந்த ரகம்தான் அமோகமாக விளைகிறது. உரம்கூட வேண்டாம்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்டியைத் தூக்கிய பிறகு ஒன்பது வீட்டு வாசலில் நின்று, "ஒண்ணுமில்ல, சும்மா ரெண்டு நாள்" என்று தொடங்கி, எந்த ஊர், எந்த பஸ், எங்கே சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒப்பித்து, ஒன்பதாம் வீட்டில் காப்பியும் குடித்து, கடைசியில் பஸ்ஸைத் தவறவிடுவாரே, அவர்தான்.

என் அக்கா மகன் செல்லதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டினான். நாகூர் தர்காக் கந்தூரிக்கு லட்சம் பேரையாவது கொண்டுபோய் இறக்கியிருப்பான். ஒரு கந்தூரியையும் தான் இறங்கிப் பார்த்ததில்லை. அவன் பெண்சாதி அம்சத்துக்கு அந்த பஸ் சவாரிகூட இல்லை. விடியுமுன் சோறு கட்டிக் கொடுத்ததோடு சரி. ஆட்சி மாறிய எண்பத்தொன்பதில் அவன் ஓய்வு பெற்றான். அன்று அம்சம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு நாளாச்சும் நாம ரெண்டு பேரு மட்டும் எங்கயாச்சும் போயிக் கெடக்கணுங்க. சொந்தக்காரங்க வீடு வேணாம். கோடியக்கரையில கடலோரமா, ரெண்டே பேருக்கு ஒல வச்சி..."

வேன் வாங்குவது என்று முடிவாயிற்று. பின்சீட்டைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், மூலையில் திரி ஸ்டவ். அத்தோடு வாயை மூட வேண்டாமா? மறுநாளே தன் அக்கா வீட்டில் போய் நின்றான்.

"ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒரு வேன் வாங்கலாமுன்னு."

அக்கா ரெங்கம்மாள் அழுதாள். "என்னைய விட்டுட்டா போயிருவ?" அவளுக்குச் சன்னலோரம் ஒதுக்கப்பட்டது. அவள் புருஷன் கோவிந்தராசு செங்கொடிச் சங்கத்துக்காரர். அவரை அழைத்தால் அம்சத்தின் அண்ணன் ரெத்தினத்தை விட முடியுமா? ரெத்தினம் ஆளுங்கட்சி. கோயில் நிலத்துக் குத்தகை யாருக்கு என்று இருவருக்கும் ஏழு வருஷமாக வழக்கு, பேச்சு கிடையாது. ஆனால் வேனில் இடம் மட்டும் இருவருக்கும் வேண்டும். கட்டில் போயிற்று.

திருத்துறைப்பூண்டியில் விற்பதற்கு வேன் வைத்திருந்த அஹமது கபீர், "ஓட்டிப் பாத்துட்டு வாங்கண்ணே, பொழுது சாய்றதுக்குள்ள வந்தாப் போதும்" என்று சாவியைக் கொடுத்தார். அம்சம் கெட்டிக்காரி. ஸ்டவ்வோடு வந்திருந்தாள்.

"இப்புடியே கோடியக்கரைக்கு விடுங்க."

விட்டான். எங்கள் ஊர் முக்கில் ரெங்கம்மாள் கையைக் காட்டினாள். முப்பது வருஷத்துக் கால் அல்லவா? தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. பதினோரு பேர் ஏறினார்கள். கோவிந்தராசு ஒரு பக்கம், ரெத்தினம் ஒரு பக்கம், நடுவில் வரப்பு மாதிரி அம்சம்.

"முட்டிய மடக்கச் சொல்லு தங்கச்சி அவர" என்றார் ரெத்தினம்.

"என் எடத்துலதான் இருக்குன்னு சொல்லும்மா. வேணுமின்னா முட்டிக்கும் ஸ்டே வாங்கச் சொல்லு."

வேதாரணியத்தில் பதினோரு பேருக்கு உப்புமா கிண்டியதிலேயே பொழுது போய்விட்டது. கடலைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

ஆனாலும் வேனை வாங்கினார்கள். "பின்னாடி இருக்க எல்லாச் சீட்டையும் பிடுங்கிடுங்க. ரெண்டு பேருக்குத்தான் எடமுன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றாள் அம்சம். பிடுங்கினான். ரெங்கம்மாள் எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனாள். "நல்லதாப் போச்சு தம்பி! தரையில உக்காந்தா இன்னும் எட்டுப் பேரு ஏறலாம்."

அன்றைக்குத்தான் அம்சத்துக்குப் புத்தி வந்தது. "வேன வாசல்ல நல்லாத் தெரியிற மாதிரி நிறுத்துங்க" என்றாள். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் இருவரும் புறப்பட்டுவிட்டார்கள். வேன் வாசலில் நிற்கிறதே, ஆள் வீட்டில்தான் என்று ஊரே நிம்மதியாக இருந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போகிற போக்கில் என் கதவைத் தட்டி, "ஒண்ணுமில்ல சின்னம்மா, சும்மா ஒரு நாளு, கோடியக்கரைக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் போனான். நான் மூச்சு விடவில்லை. ரெங்கம்மாளிடம் மட்டும்தான் சொன்னேன். பிறகு தெரிந்தால் அழுவாளே?

அடுத்த நாள் காலை கோடியக்கரையில் முதல் பஸ்ஸிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். ஆனால் அதற்குள் அம்சம், சவுக்குத் தோப்பில் நெல் காயப்போடும் படுதாவை விரித்து, ஒரு முழு ராத்திரி கடலைக் கேட்டுக்கொண்டு கிடந்தாயிற்று. இரண்டு பேருக்குப் பொங்கிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று.

"வாங்க அண்ணி, பெரிய சட்டி கொண்டாந்திருக்கீங்களா?" என்று சிரித்தாளாம்.

ரெங்கம்மாள் கொண்டுவந்திருந்தாள்.

நீங்கள் சிரிக்காதீர்கள். போன தடவை வெளியூர் போனபோது எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? ஒருவரிடமும் இல்லையா? பெரிய ஆள்தான். அடுத்த தடவை எப்போது, எங்கே என்று என் காதில் மட்டும் போட்டுவையுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.