பதினோராம் பக்கத்துக்கு வேண்டிய ஒரு திருத்தம்

சான் ரமோன்,
பிப்ரவரி 9

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ராமசுப்ரமணியன் சார் அவர்களுக்கு,

நம் தமிழ்ச் சங்கத்தின் கலைநிகழ்ச்சிச் செயலாளர் கிருபைராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் பி.பி. ஒன்றைத் தவிர மற்றெல்லாம் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறீர்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷம். சங்க இதழுக்காகத் தாங்கள் படுகிற பாட்டை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சார், அந்தப் பதினோராம் பக்கம்!

பொங்கல் விழாப் படத்துக்குக் கீழே "சிறப்பு விருந்தினர் திரு. ராட்னி பெல்ஃபீல்டு, அவருடைய மேலாளர் திரு. கீத்" என்று போட்டிருக்கிறீர்கள். கீத் மேலாளர் இல்லை சார். கணவர். லண்டனில் சட்டப்படி ரிஜிஸ்டர் ஆன கணவர். அடுத்த இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாமே, அதற்குள் திருத்தம் போட்டாக வேண்டும். இதழைப் பார்த்ததிலிருந்து என் மனைவி ரெபெக்கா அடுப்பில் தோசைக்கல்லை வைக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது.

ராட் சார் பக்கத்து ஊர் டப்ளினில் நம் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவர், உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எண்பதுகளில் அவர் இங்கிலாந்தில் பெரிய பாடகர் சார். சிந்தசைசர் வைத்துக்கொண்டு இரண்டே பேர் குழு. ஒருத்தர் அசையாமல் நின்று வாசிப்பார், இவர் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு பாடுவார். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். எண்பத்தாறில் ஒரு பேட்டியில், நான் ஆண்களை நேசிக்கிறவன் என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். அத்தோடு அமெரிக்க ரேடியோவில் அவர் பாட்டு நின்றது. ரெக்கார்டு கம்பெனிக்காரன், பேசினது பேசினதாக இருக்கட்டும், கூட வருகிற ஆளை மட்டும் இனிமேல் மேலாளர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கண்டிஷன் போட்டான். அன்றிலிருந்து எந்தப் பேப்பரைத் திறந்தாலும் கீத் மேலாளர். அந்த மனுஷன் நம்மைப் போல நெட்வொர்க் இன்ஜினியர் சார், யாரையும் மேய்த்தவர் இல்லை! அப்புறம் குழு பிரிந்தது, ராட் சார் பிஸ்கட் விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டார், சுற்றுலாக் கப்பலில் பாடினார், இப்போதும் கோடைக்காலத்தில் திராட்சைத் தோட்டங்களில் நரைத்த தலைகளுக்கு முன்னால் பழைய பாட்டைப் பாடிவிட்டு வருகிறார். கீத்துக்கு இங்கே வேலை கிடைத்தபோது ராட் சார் எந்த விசாவில் வந்தார் தெரியுமா? நம் வீட்டுப் பெண்கள் மனைவி என்ற பேரில் வந்த அதே ஹெச்-4. ஊர் உலகமெல்லாம் சுற்றிய பாடகர், பர்மிட் வருகிறவரை வேலை பார்க்க வழியில்லாமல் வீட்டில் முடங்கி, பொழுது போகாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஹெச்-4இல் எட்டு வருஷம் உட்கார்ந்த ரெபெக்காவும் அவரும் பார்க்கில் சேர்ந்து புலம்பியே சிநேகமானார்கள். அமெரிக்க கவர்மென்டே கணவர் என்று ஒத்துக்கொண்டு முத்திரை குத்தியாச்சு. நம் சங்க இதழுக்கு என்ன வந்தது?

தப்பு உங்களுடையது மட்டும் என்று சொல்லவில்லை. விருந்தினர் குடும்பத்தோடு வருகிறார் என்று நான் சொன்னதும், தலைவர் செழியன் வழக்கம்போல அழைப்பிதழில் "திரு. & திருமதி ராட்னி பெல்ஃபீல்டு" என்று அடித்துவிட்டார். விருந்தினருக்குப் பொன்னாடை, திருமதிக்குப் பட்டுப்புடவை என்பது நம் சங்க நடைமுறையாயிற்றே. விழா அன்று மேடைக்குப் பின்னால் புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "மேடம் எங்க சார், கார் பார்க் பண்றாங்களா?" என்கிறார். ராட் சார் சிரித்துக்கொண்டே, இவர்தான் கீத், என் கணவர் என்றார். செழியன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"யோவ் கிருபை, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? இப்ப இந்தப் பொடவைய யாருக்குய்யா ப்ரெசென்ட் பண்றது?"

"கீத்துக்கே குடுங்க."

"அவரு என்ன, கட்டிக்கிட்டா வீட்டுக்குப் போவாரு?"

கீத் அதற்குள் வந்து, ரொம்ப அழகான கலர், நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லிப் புடவையைத் தானே வாங்கிக்கொண்டார். இப்போது அது அவர்கள் வீட்டில் பழைய சிந்தசைசர் மேல் தூசி படாமல் மூடிக் கிடக்கிறது.

அடுத்தது குத்துவிளக்கு. முதல் திரியைத் தம்பதியாக ஏற்ற வேண்டுமல்லவா? ராட் சார் மெழுகுவத்தியோடு நின்று திரும்பிப் பார்க்கிறார், கீத் மேடைப் படியில் காலை வைத்துவிட்டார். அந்த நேரத்தில் மைக்கில் அறிவிப்பு வந்தது. யார் என்ன அறிவித்தார்கள் என்பது இங்கே பேச்சில்லை, அச்சில் வந்ததுதான் பேச்சு. கீத் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். செழியனின் மனைவி காமாக்ஷி ஓடிவந்து மெழுகுவத்தியைப் பிடித்து விளக்கேற்ற, படிக்குக் கீழே நின்ற கீத்தையும் சேர்த்து உங்கள் போட்டோகிராபர் அதைப் படம் எடுத்தார்.

இதழ் வந்த மறுநாள் நானும் ரெபெக்காவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கீத் சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒரு தடி ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். அவரை மேலாளர் என்று எழுதிய அத்தனை பேப்பர் கட்டிங்கும் அதில் இருக்கிறது. கடைசியாக நம் பதினோராம் பக்கம், ஒழுங்காக வெட்டி ஒட்டியிருக்கிறார். தன் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கீபோர்டு வகுப்புக்கு வருகிற தென்றலிடம் கேட்டாராம். அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்து, "மேனேஜர், அங்கிள்" என்றிருக்கிறாள். கீத் இதைச் சொல்லிச் சிரித்தார். ராட் சார் சிரிக்கவில்லை. "உங்கள் மத்தியிலும் இதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. மே மாதக் கச்சேரிக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ண வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது சார்.

காரில் வரும்போது ரெபெக்கா பிடித்துக்கொண்டாள். "எட்டு வருஷம் நான் டிபென்டென்டா குந்தியிருந்தேனே, என்னை யாராச்சும் உங்க மேனேஜர்னு எழுதுனாங்களா? அந்த எடிட்டர் சாரை சும்மா விடாதீங்க. நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க." இந்தக் கடிதத்தில் பாதி அவள் சொல்லச் சொல்ல எழுதியது. ஆகவே பதினோராம் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், இதழின் கவனக்குறைவுக்கு வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிடுமாறு கண்டிப்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டவர் தங்களுக்கும் அம்மாவுக்கும் நல்ல சுகத்தையும், தங்கள் பிழை திருத்துநருக்குக் கொஞ்சம் கண்பார்வையையும் அருளட்டும்.

தங்கள் அன்புள்ள,
கிருபைராஜ்

பி.கு.: ரெபெக்கா கடைக்குப் போயிருக்கிறாள், அதனால் இதை எழுதுகிறேன். மைக்கைப் பிடித்திருந்தது நான்தான் என்று முன்வரிசையில் இருந்த உங்களுக்குத் தெரியும். நான் சொன்னதைத்தான் நீங்கள் போட்டீர்கள். கையிலிருந்த சீட்டில் "கணவர்" என்று நானே எழுதி வைத்திருந்தேன் சார். நிமிர்ந்து நானூறு பேர் முகத்தைப் பார்த்தேன், பயந்துவிட்டேன், வாயில் "மேலாளர்" என்று வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் இன்றுவரை என்னை ரெபெக்காவிடம் காட்டிக்கொடுக்கவில்லை. எனவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு இதை மட்டும் போடுங்கள்: "திரு. கீத், திரு. ராட்னியின் கணவர். மேடையில் அவரை மேலாளர் என்று சொன்னவன் கிருபைராஜ்." அன்றைக்கு ரெபெக்கா கீழே பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளும் இதழைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும்.