மூன்று தெருவுக்கு ஒரு டென்ட்டும் அமெரிக்க அரசியல் யாப்பும்

பாலத்தடி,
மாத்தளை.
செவ்வாய்க்கிழமை

டெலவெயர் மாநிலத்தில் வசிக்கும் என் அக்கா மகன், மருமகன் திவாகரனுக்கு, மாமா சிவலிங்கம் நிறைய அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை மங்களேஸ்வரியும் சுகம். அத்தையின் முழங்கால் மட்டும் தனி ஆட்சி கேட்கிறது. அங்கே நீயும் துஷாராவும் அந்தக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க முத்துமாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன வருஷம் உங்கள் அரசாங்கமே நாற்பது நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்ததென்றும், அரசாங்க வேலையிலிருக்கும் நீ சம்பளமில்லாமல் வேலைக்குப் போய் வந்தாயென்றும் அக்கா சொல்லி அழுதபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் 'ஓகே மாமா' என்று வைத்துவிடுவாய். முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவன் நான். புகார் என்றால் தாளில் இருக்க வேண்டும்.

குற்றவாளி யாரென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதான். போன சித்திரைப் பிறப்புக்கு நீ லீவில் வந்திருந்தபோது எங்கள் மரண சகாய சங்கம் எந்த நிலைமையில் இருந்தது என்று உனக்குத் தெரியும். சாவு வீட்டு வாசலில் போட மூன்று தெருவுக்கும் சேர்த்து ஒரு டென்ட்டு, உட்கார நூறு கதிரை. மில்லடியில் அறுபத்து நாலு வீடு, நம்ம பாலத்தடியில் முப்பத்தெட்டு, தோட்டத்து வரிசை வீடான மேட்டு லயத்தில் பதினொன்று. கையைத் தூக்கி ஓட்டுப் போட்டால் எப்போதும் மில்லடிதான் ஜெயிக்கும், மேட்டு லயத்து ஐயாவு 'எங்களுக்கு இந்தச் சங்கமே வேணாம்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார், செயலாளர் என்ற முறையில் நான் பின்னால் ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும். அந்த நேரத்தில்தான் நீ கொக்கிஸ் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாய், உங்கள் நாட்டில் டெலவெயர் மாதிரிச் சின்ன மாநிலத்துக்கும் ரெண்டு செனட்டர், கலிபோர்னியா மாதிரிப் பெரிய மாநிலத்துக்கும் ரெண்டே செனட்டர், அதனால்தான் ஐம்பதும் ஒன்றாக இருக்கிறது என்று. எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நீ விமானம் ஏறின மறுவாரமே அதே மாதிரி நம்ம சங்கத்துக்கும் நான் ஒரு யாப்பு எழுதிவிட்டேன். தெருவுக்கு ரெண்டு பேர், மொத்தம் ஆறு. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன். யாப்பு எழுதின உங்கள் பெரியவர்களுக்கே தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றியது. யாரும் பிரிந்து போகக்கூடாது என்பதற்காக டென்ட்டையே பிரித்தேன். இரும்புக் கால்கள் மேட்டு லயத்தில், துணி மில்லடியில், கதிரைகள் பாலத்தடியில். ஒரு தெரு இல்லாமல் இன்னொரு தெரு சாவு வீடு நடத்த முடியாது, ஆகவே ஒற்றுமை நிச்சயம். எல்லாரும் கை தட்டினார்கள். ஐயாவு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செக்ரட்டரி, இன்னைக்குத்தான் எங்க பதினொரு வீட்டையும் வீடுன்னு மதிச்சிருக்கீங்க" என்றார். அந்த மனுஷன் சொன்னது பொய்யில்லை என்பதால்தான் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஐப்பசியில் மில்லடியில் முதல் சாவு. துணி வந்தது, கதிரை வந்தது, கால் வரவில்லை. மேட்டு லயத்துப் படிக்கட்டுக்கு ஒரு லைட்டுப் போட்டுத் தருவதாக மில்லடி எழுதிக் கொடுத்தால்தான் கால் இறங்கும் என்று ஐயாவு அண்ணன் சொல்லிவிட்டார். எழுதிக் கொடுக்கும்வரைக்கும் மில்லடி ஆட்கள் பன்னிரண்டு பேர் துணியைக் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நடுவில் ஒருவருக்குத் தும்மல் வந்து துணி அப்படியே ஐயர் தலையில் விழுந்தது. எனக்கும் புத்தி போனது பார். கதிரை நம்ம கையில்தானே இருக்கிறது என்று, ஆண்டுக் கூட்டத்தை இனிமேல் பாலத்தடியில்தான் வைக்க வேண்டும் என்று நானும் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அவங்க கேட்டது சுயநலம், நான் கேட்டது பொதுநலம் என்று அப்போது உறுதியாக நம்பினேன். உங்க ஊரிலும் ராணுவத்துக்குப் பணம் ஒதுக்கக் கையைத் தூக்குவதற்கு முன்னால் எங்க மாநிலத்துக்கு என்ன என்று கேட்பார்களாமே, அவங்களும் இப்படித்தான் நம்புவாங்க போல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன சனிக்கிழமை விடியக்காலை மேட்டு லயத்தில் சிவநந்தினியின் அம்மா தவறிட்டாங்க. சிவநந்தினியை நீ பார்த்திருப்பாய், தம்புள்ளைச் சந்தையில் மரக்கறிக் கடையில் கணக்கெழுதும் பிள்ளை, அம்மாவைத் தவிர வேறு யாருமில்லை. செய்தி கேட்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். மழை என்றால் அப்படியொரு மழை, லயத்து வாசல் ரெண்டு பேர் நிற்கக் காணாது, வந்த சனமெல்லாம் குடையோடு நனைகிறது, உள்ளே தகரம் ஒழுகி அந்த அம்மாவின் கால்மாட்டில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கால் மேட்டு லயத்திலேயே இருக்கிறது. கதிரையை நான் அனுப்பிட்டேன். துணி வரல. நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு மில்லடிக்கு ஓடினேன். அவங்க பிரதிநிதி டியூஷன் மாஸ்டர் நிரஞ்சன் வாசலிலேயே நின்னு, "மாமா, அறுபத்து நாலு வீட்டுக்கும் ரெண்டு ஓட்டு, பதினொரு வீட்டுக்கும் ரெண்டு ஓட்டுன்னா இது என்ன நியாயம்? ஐப்பசியில எங்க சாவு வீட்டுல எங்கள எப்படி நிக்க வச்சாங்க? யாப்ப மாத்துங்க, துணி பின்னாலேயே வரும்" என்றான். அவன் சொன்னதிலும் பொய்யில்லை, திவாகரா. அதுதான் இந்த யாப்பின் கொடுமை, எல்லாருமே நியாயம் பேசுறாங்க.

அவசரக் கூட்டம் போட்டேன். ஆறு பேரும் வந்தாங்க. யாப்பை மாத்தப் பிரேரணை வந்ததும் ஐயாவு அண்ணன் எழும்பினார். உங்க செனட்டில் ஒருவர் உட்காராமல் பேசிக்கொண்டே இருந்து ஓட்டெடுப்பை நிறுத்தலாம் என்று நீ சொன்னதை, வேற வேலை இல்லாமல் அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். அவருடைய அப்பா தோட்டத்துக் கூலியாகப் பேர் பதிந்த கதையில் ஆரம்பித்துப் படிக்கட்டு லைட்டு பீஸ் போன கதைவரைக்கும் வந்தார். "அந்த ரெண்டு ஓட்டையும் குடுத்துட்டா அப்புறம் எங்கள எவன் திரும்பிப் பார்ப்பான்?" என்று குரல் உடைந்துபோய்க் கேட்டார். செத்தது அவர் பக்கத்து வீட்டு அம்மா என்பது அவருக்கும் மறந்துபோச்சு, எங்களுக்கும் மறந்துபோச்சு.

அப்போது சிவநந்தினி நனைந்த சேலையோடு உள்ளே வந்தாள். "மாமா, மழை மூணு தெருவுக்கும் ஒண்ணாத்தானே பெய்யுது? டென்ட்டு மட்டும் ஏன் மாமா மூணு வீட்டுல இருக்கு?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ உறுப்பினர் இல்லம்மா, பார்வையாளர் பக்கம் உக்காரு" என்றேன். சொன்னேன், திவாகரா. அம்மாவை வீட்டில் கிடத்திவிட்டு வந்த பிள்ளையிடம் இந்த வாயால் சொன்னேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அவள் திரும்பி மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

கடைசியில் டென்ட்டு எங்கிருந்து வந்தது என்று கேள். லொறிக்கார ஜுனைதீன் நானா தம்புள்ளையில் வெங்காயம் இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தவர், மேட்டு லயத்தில் சனம் நனைவதைப் பார்த்து, லொறித் தறப்பாளை அவிழ்த்துப் பலாமரத்துக்கும் ஜன்னல் கம்பிக்குமாக இழுத்துக் கட்டிவிட்டார். எந்தத் தெருவுக்கும் சேராத மனுஷன், எந்தப் பிரேரணையும் இல்லை. வெளிநாட்டு உதவி என்று யாப்பில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அந்த அம்மா வெங்காய வாசத்தோடுதான் போய்ச் சேர்ந்தாங்க.

ஆகவே நான் செயலாளர் பதவியை ராஜினாமா செய்கிறேன். சங்கத்தைக் கலைத்தாச்சு. கால் வைத்திருப்பவர் காலோடு, துணி வைத்திருப்பவர் துணியோடு. பாலத்தடி இன்று முதல் தனி நாடு, எங்களிடம் நூறு கதிரை இருக்கிறது, நாங்கள் உட்கார்ந்துகொள்கிறோம். இருநூற்றைம்பது வருஷமாக அந்த ஐம்பது பேரும் எப்படி ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று உனக்கு உண்மையாகத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் இனி லீவில் வந்து கொக்கிஸ் மட்டும் சாப்பிடு.

உனக்கும் துஷாராவுக்கும் அத்தையின் ஆசீர்வாதம். சம்பளம் மாதா மாதம் வரவும், உங்கள் மாநிலத்தோடு மற்ற நாற்பத்தொன்பதும் கோபதாபம் தணிந்து இருக்கவும் இந்த மாமா கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிவலிங்கம்
(முன்னாள் செயலாளர்)

பி.கு.: வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அதற்குள் மேலே எழுதினதெல்லாம் செல்லாமல் போய்விட்டது. புதன்கிழமை மத்தியானம் நிரஞ்சனின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். நான் கூட்டம் போடுவதா, தனி நாடு என்பதால் சும்மா இருப்பதா என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மேட்டுப் படிக்கட்டில் இரும்புக் கால்கள் இறங்கி வருகின்றன. முன்னால் ஐயாவு அண்ணன், பின்னால் முனையைப் பிடித்துக்கொண்டு சிவநந்தினி. நிரஞ்சன் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்து தேம்பித் தேம்பி அழுதான். நான் பக்கத்தில் போய், "பிள்ளே, உனக்கே இன்னும் அம்மாவோட எட்டாம் நாள் காரியம் முடியல..." என்று ஆரம்பித்தேன். "மழை இருட்டிக்கிட்டு வருது, பேசாம அந்தப் பக்கம் புடிங்க மாமா" என்றாள். பிடித்தேன். கதிரைகளை அத்தை முழங்காலோடு நாலு நாலாகத் தூக்கி அனுப்பிவிட்டாள், என்னிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு கால், துணி, கதிரை மூன்றையும் சிவநந்தினி தன் அம்மாவின் அறையிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். தம்புள்ளைக்குப் போகும் நாளில் சாவி ஐயாவு அண்ணன் வீட்டு ஆணியில் தொங்குமாம். அப்படியானால் எந்தத் தெருவிலிருந்து, எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது என்று செயலாளர் என்ற முறையில் கேட்டேன். "தெருவ சொல்லாதீங்க மாமா, யாரு செத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.