உள்திருஷ்டி எடுக்கும் மகான்

மகான் வயிற்றிலிருந்து கண் எடுக்கிறாராம்! கத்தி கிடையாது, தையல் கிடையாது, தழும்புகூட இருக்காதாம். தெருமுனை வரை வரிசை. எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டிருந்தார்கள். மூளையையும் அங்கேயே விட்டிருந்ததால் உள்ளே இடத்துக்குப் பஞ்சமில்லை.

வரிசையில் ஒரு தையற்காரி, லாரி ஓட்டும் கணவனைத் தோளில் தாங்கியபடி நின்றாள். முந்தின நாள்தான் மருத்துவமனையில் அவன் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்து, சின்னதாக வளர்ந்திருந்த ஒரு சதையை வெட்டி எடுத்திருந்தார்கள்.

“லேசா உப்புசம் இருக்கும், போயிடும். வலி கூடினாலோ காய்ச்சல் அடிச்சாலோ உடனே வந்துடுங்க” என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். விடிந்ததும் வலி கூடியது, உடம்பும் கொதித்தது. தையற்காரி வண்டி பிடிப்பதற்குள் நாத்தனார் குறுக்கே நின்றாள்.

“கேமராவால வந்த வலிக்கு மறுபடியும் அவங்ககிட்டயேவா? வெளியில பாத்தாலே திருஷ்டி. இவனுக்கு உள்ளயே போய்ப் பாத்திருக்காங்க! மகான்தான் எடுக்கணும்.”

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி அவன். வந்துவிட்டான்.

முன்னால் கட்டிலில் படுத்திருந்தவரின் வயிற்றில் மகான் எண்ணெய் தடவினார், முணுமுணுத்தார், கறுப்புக் கண்ணாடி மணி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “பார், கேமராவோட கண்ணு!” கூட்டம் கைகூப்பியது.

“வயிறு கல்லு மாதிரி இருக்குடி” என்று கணவன் முனகினான். தையற்காரி தொட்டுப் பார்த்ததும் அவனை வாசல் பக்கம் திருப்பினாள்.

“வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

“இவ்வளவு நேரம் நின்னாச்சு, நம்ம முறை வரட்டும்” என்று நாத்தனார் அவன் கையை விடவில்லை.

தையற்காரி விறுவிறுவென்று முன்னால் போய்க் கட்டிலில் படுத்தாள். “சாமி, போன வாரம் எனக்கும் உள்ள குழாய் விட்டுப் பாத்தாங்க.”

மகான் தடவினார், நெற்றியைச் சுருக்கினார். “உனக்கு ரெண்டு கண்ணும்மா! ரொம்ப ஆழத்துல.” இரண்டு மணிகள் வந்தன.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “எனக்கு எவனும் எந்தக் குழாயும் விட்டதில்ல. என் வயித்துல ஏது சாமி கண்ணு?”

மகான் திருதிருவென்று விழித்தார். “அது... புருஷன்கிட்டருந்து தொத்தியிருக்கும்!”

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து ஓர் உதறு உதறினாள். மடிப்பிலிருந்து பொலபொலவென்று கண்கள் கொட்டித் தரையெல்லாம் உருண்டன. நாத்தனாரின் பிடி தளர்ந்தது.

“ஏமாத்துக்காரன்தான்” என்றார் வரிசையில் ஒருவர். “இருந்தாலும் டோக்கன் வாங்கியாச்சு, பாத்துட்டே போயிடறேன்.”

அவருடன் வாதாட அவளுக்கு நேரமில்லை. கணவனை வண்டியில் ஏற்றினாள்.

சதையை எடுத்த இடத்தில் குடலில் சின்ன ஓட்டை. அன்றே அறுவை செய்து தைத்தார்கள். “ரொம்ப அபூர்வமா இப்படி ஆகும். அதுக்குத்தான் வலின்னா ஓடி வரச் சொன்னோம். இன்னும் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்து” என்றார் டாக்டர். தையற்காரிக்கு அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நாத்தனார் மெல்ல அருகில் வந்தாள். “இவன் போலிதான், ஒத்துக்கறேன். எதுக்கும் அசல் மகான் ஒருத்தரைப் பாத்துட்டா...”

தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணி, வயித்துக்குள்ள இருக்கிறத டாக்டர் பாத்துக்குவாரு. தலைக்குள்ள இருக்கிறத நாமதான் வேலைக்கு அனுப்பணும்.”