தேதி போடாத ராஜினாமா

கார்ஸ்டெய்ல், லங்காஷயர்,
11 ஏப்ரல் 1965.

பேச்சுவார்த்தைக் குழு உறுப்பினரும் என் மனைவியின் அண்ணனுமான ஆல்பன் அவர்களுக்கு எட்வின் ஹெபிள்ஸ்டன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை மில்ட்ரெட்டும் சுகம். அங்கு உங்கள் மூட்டுவலியும் மந்திரியும் உங்களை அதிகம் படுத்தாமலிருக்க வேண்டுகிறேன்.

குடும்ப டாக்டர்களுக்குப் புது ஒப்பந்தம் தராவிட்டால் எல்லோரும் ஒரே நாளில் வேலையை விடுவோம் என்று அரசை மிரட்டுவதற்காக, ஆளுக்கொரு ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடாமல் கையெழுத்திட்டுச் சங்கப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொன்னது உங்கள் குழு. வட்டாரச் செயலாளர் என்ற முறையில் நான் நாற்காலி மேல் ஏறி நின்று, "தேதி மட்டும் போட்டுடாதீங்கப்பா, அதுலதான் நம்ம உயிரே இருக்கு" என்று தொண்டை வறளக் கத்தி நாற்பத்தொரு டாக்டர்களிடம் கடிதம் வாங்கினேன். நாற்பத்திரண்டாவது என்னுடையது. அதிலும் கையெழுத்திட்டு மேசைமேல் வைத்துவிட்டு ஒரு பிரசவத்துக்கு ஓடினேன். மருந்துச் சீட்டோ, விடுப்புச் சான்றோ, எனக்கு எதிலும் தேதி போடும் பழக்கம் கிடையாது. இருபது வருடமாக அதையெல்லாம் நிரப்பி அனுப்புவது வரவேற்பறையில் இருக்கும் திருமதி ஆர்மராட்தான். திரும்பி வந்தால் மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நாலாம் நாள், நமக்கெல்லாம் வேலை ஒப்பந்தம் தரும் மாவட்ட சுகாதார மன்றத்திலிருந்து தபால் வந்தது. இத்தனை வருடச் சேவைக்கு நன்றியாம், ஜூலையோடு நான் போகலாமாம்.

விழுந்தடித்துக்கொண்டு மன்றத்துக்கு ஓடினேன். "அது ராஜினாமா இல்லய்யா, மிரட்டல்" என்றேன். குமாஸ்தா எண்டிகாட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மிரட்டலுக்குன்னு தனிப் படிவம் எங்ககிட்ட இல்லையே டாக்டர். தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?" என்றான். அங்கிருந்து நம் வட்டாரத் தலைவர் பூத்ராய்டிடம் போனால் அவர் எனக்கும் மேலே பதறுகிறார். "நீ இப்ப வாபஸ் வாங்கினா, டாக்டருங்க பயந்துட்டாங்கன்னு நாளைக்கே பேப்பர்ல வரும். ஒப்பந்தம் முடியற வரைக்கும் மூச்சு விடாதே." "அதுக்குள்ள என் வேலையே முடிஞ்சிடுமேப்பா!" "உன் தியாகத்தைச் சங்கக் குறிப்பேட்டுல ஏத்திடறேன், கவலைப்படாதே" என்கிறார். ஆக, யாரும் வேலையை விடாத இந்தப் போராட்டத்தில் வேலையை விட்ட ஒரே வீரன் நான்தான். திருமதி ஆர்மராட்டைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டேன். "என் கையே படலை டாக்டர்" என்று சாதித்தார். நான் நம்பவில்லை. அழுதுகொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு போனவர்தான், செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை.

இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் வாசலில் நோயாளிகள் வரிசை பொரித்த மீன் கடை வரைக்கும் நீள்கிறது. "புது டாக்டர் எப்படிப்பட்டவரோ, நீங்க இருக்கும்போதே பாத்துடுங்க" என்று ஒரு தாய் நாலு பிள்ளைகளின் எட்டுக் காதுகளையும் காட்டிவிட்டுப் போனாள். பத்து வருடமாக மறைத்துவைத்த மூலத்தையெல்லாம் ஆண்கள் இப்போது வந்து ஒப்புக்கொள்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, சைலஸ் க்ராஷாவைப் பார்க்கப் போகும் வரை. நிலக்கரித் தூசியில் நுரையீரல் போய் மாடியறையில் படுத்திருக்கும் மனிதர். பேச்சு குறைவு. ஊசி போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி யாரு டாக்டர் எங்க மாடிப்படி ஏறி வருவாங்க?" என்று கேட்டார். இந்த மனிதரைச் சாகும்வரை பார்த்துக்கொள்வேன் என்று நான் யாரிடமும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் நான் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பெரியது அதுதான்.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மந்திரியோடு எழுதப்போகும் உடன்பாட்டில், எந்த மூலையிலாவது, ஹெபிள்ஸ்டன் கடிதம் எழுதப்படாததாகவே கருதப்படும் என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உங்கள் முயற்சி கைகூடவும், உங்கள் முழங்கால் மடங்கி நிமிரவும் ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
எட்வின்

பி.கு.: அனுப்புவதற்கு முன் இதை மில்ட்ரெட்டிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "பாவம், ஆர்மராட்டைப் போய்க் கூட்டிட்டு வாங்க. தேதி போட்டது நான். தபால்ல சேத்ததும் நான்" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முப்பத்துநாலு வருஷமா போனை எடுக்கறது நான், கதவைத் திறக்கறது நான், நீங்க இல்லாதப்போ யாருக்கு ரத்தம் போகுது, யாருக்கு மூச்சு வாங்குதுன்னு கேட்டு எழுதி வைக்கறது நான். எங்க அண்ணன் மாசக்கணக்கா மந்திரிகிட்ட பேசறாரே, அந்தக் காகிதத்துல எங்கயாவது என் பேர் இருக்கா? ராஜினாமா பண்ண எனக்குன்னு ஒரு வேலையே கிடையாது. அதான் உங்களோடதை அனுப்பினேன்."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் எடுத்தேன். எடுத்ததும் முதலில் எங்கள் போன் எண்ணைச் சொல்ல வேண்டுமா, பேரைச் சொல்ல வேண்டுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மேலே கேட்ட அந்த வரியை மந்திரியிடம் இப்போது கேட்க வேண்டாம், ஆல்பன். முதலில் மில்ட்ரெட்டைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.