ஐந்து அணிந்துரைகளும் முதல் பக்கத்துக் காய்ச்சலும்

எங்கள் பக்கத்தில் புத்தகம் எழுதுவது சின்ன வேலை. அதற்கு அணிந்துரை வாங்குவதுதான் பெரிய வேலை. கோயில் தலைவரின் ஆசியுரை, அதிகாரியின் வாழ்த்துச் செய்தி, படிப்பித்த பள்ளிக்கூட அதிபரின் அணிந்துரை எல்லாம் மேளதாளத்தோடு முன்னால் போக, எழுதினவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வரவேண்டும். அப்படி வராத புத்தகத்தை ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். (எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் முதல் இருபது பக்கங்கள் கசங்காமல் புதிதாகவே இருந்தன. அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.)

ஏழு வருடங்களுக்கு முன் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கப்பல் வராத நாட்களில் நாவல் எழுதினேன். எங்கள் துறைமுகத்தில் அப்படியான நாட்களுக்குப் பஞ்சமில்லை. ‘துறைக்கு வராத வள்ளம்’ என்று பெயர் வைத்தேன். சல்லிக் கிராமத்துக் கரையில் ஒரு மீனவர், அவருடைய ஒரே மகள், ஒருநாள் அவரைத் திருப்பித் தராத கடல். மீனவர் என் அப்பா. மகள் நான், கொஞ்சம் உயரமாகவும் நிறைய அழகாகவும். மூன்று வருட உழைப்பு, நூற்று நாற்பது பக்கம். அம்மாவை மட்டும் முதல் பக்கம் மூன்றாவது வரியில் காய்ச்சல் வந்து சாகவைத்திருந்தேன். உண்மையான அம்மா என்னவோ குசினி அடுப்படியில் நின்று, “எந்த நேரமும் என்னத்தையடி எழுதிறாய், கண் கெடப்போகுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாவல் முடிந்ததும் அணிந்துரை வேட்டைக்குப் புறப்பட்டேன். ஐந்து பெரியவர்களுக்கு ஐந்து பிரதிகள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. ஒருவரும் இரண்டு நாளுக்கு மேல் எடுக்கவுமில்லை. அந்த வேகத்தைப் பார்த்து, என் எழுத்து அவர்களைக் கட்டிப் போட்டுவிட்டது என்று பூரித்துப்போனேன்.

பதிப்பாளர் நஸீர் நானா கிண்ணியாக்காரர். நகரத்தில் பாமசி வைத்திருந்தார். வருடத்துக்கு மூன்றோ நான்கோ புத்தகம் போடுவார். அச்சாகி வந்த கட்டுகள் இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். இந்தப் பகுதியில் பிரதியை நேர்மையாக வாசித்துப் பதில் சொல்லும் ஒரே ஆள் என்று பெயர். அவர் ஏற்றுக்கொண்டால் நான் எழுத்தாளர். இல்லையென்றால் கப்பல் வராத அலுவலகத்தில் ஒரு கிளாக்கர், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை காலை, புதுச் சீலை உடுத்து, நாவலும் அணிந்துரைகளும் இருந்த கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

“உங்கட கதை என்னண்டு சொல்லுங்க தங்கச்சி” என்றார் நஸீர் நானா, மருந்துக் குளிசை எண்ணிக்கொண்டே.

“முதலில அணிந்துரையளைப் பாருங்கோ நானா. அதில எல்லாம் விளக்கமா இருக்கு.”

அவர் வாசிக்கத் தொடங்கினார். சத்தமாக. கோயில் தலைவர் இரண்டு பக்கமும் கோபுரத் திருப்பணியைப் பற்றியே எழுதியிருந்தார். அதிகாரியின் செய்தி ‘இக்கவிதைத் தொகுப்பு’ என்று ஆரம்பித்தது. என் கணவரின் மாமா துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்றவர்; தான் இழுத்த கப்பல்களை வரிசைப்படுத்தி நாலு பக்கம் எழுதியிருந்தார், என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. எங்கள் டாக்குத்தர் கையால் நாலு வரி கிறுக்கியிருந்தார். “இதை வாசிக்கப் பாமசிக்காரனாலதான் ஏலும்” என்றார் நானா. “நல்லா நித்திரை கொள்ளச் சொல்லியிருக்கார்.”

(இவற்றை எல்லாம் நான் முன்பே வாசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வாசித்தேன். கடிதத் தலைப்பையும் கையொப்பத்தையும்.)

ஐந்தாவது, எனக்குப் படிப்பித்த அதிபர் கதிரவேல் சேருடையது. “இந்நாவலின் உயிர்நாடி, கதை நெடுகிலும் வரும் தாய். கணவனைக் கடல் கொண்டுபோன பின்பும் தளராமல் மகளைக் கரைசேர்க்கும் அந்தத் தாயை வாசகர் மறக்கமாட்டார்.”

“இது வாசிக்க ஆசையாக் கிடக்கு” என்று நானா பிரதியைத் திறந்தார். முதல் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. “தங்கச்சி, தாய் மௌத்தாப் போயிட்டாவே. மூண்டாவது வரியில.”

எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் பதறிப்போனார். “ஆர் செத்தது? என்ன வருத்தம்?”

“காய்ச்சல்” என்றார் நானா.

“எத்தினை நாள் காய்ச்சல்?”

“அது எழுதேல்ல.”

“உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்தானே” என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கொலைக் குற்றவாளி மாதிரி நின்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பிரஷர் குளிசை வாங்க உள்ளே வந்தவர் வேறு ஆருமில்லை, கதிரவேல் சேர்தான். தான் அப்பாவித்தனமாகத்தான் கேட்டதாக நஸீர் நானா இன்றும் சத்தியம் பண்ணுகிறார். “சேர், இந்தத் தங்கச்சியிட நாவலில உங்களுக்கு ஆகப் பிடிச்ச இடம் எது?”

சேர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “தாய்தான்” என்றார் சேர் நிதானமாக. “கடைசியில அவ கரையில தனிய நிண்டு கடலைப் பாக்கிற இடம். கண் கலங்கிப்போனன்.”

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். “ஓம் சேர். அது எங்கட அம்மாவைப் பாத்துத்தான் எழுதினனான்” என்றேன்.

“அந்தத் தாய் செத்துட்டா எண்டினம் சேர்” என்றார் கைக்குழந்தைக்காரி.

சேர் ஒரு கணம்தான் தயங்கினார். முப்பது வருடம் பிள்ளைகளைச் சமாளித்த மனுஷன். “அது உடம்பு, பிள்ளை. நாவலில அவ சாகேல்ல” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். குளிசை வாங்க மறந்துபோனார்.

நஸீர் நானா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அணிந்துரைகளை ஒழுங்காக அடுக்கி என் கையில் தந்தார். “இதுகளை வீட்டுக்குக் கொண்டுபோங்க. கதையை வச்சிட்டுப் போங்க.”

இரண்டு கிழமை அந்தப் பக்கத்துத் தெருவாலேயே போகவில்லை. பிறகு அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். போனேன்.

“நல்ல தமிழ். கடலும் நல்லாயிருக்கு. ஆனா இப்பிடியே போட ஏலாது” என்றார். “வாப்பா எந்த நேரமும் கடலில. அப்ப அந்தப் புள்ளைக்குச் சோறு போட்டது ஆரு? பள்ளிச் சட்டை தோய்ச்சது ஆரு? நூத்தி நாப்பது பக்கமும் அது பட்டினியாத்தானே கிடக்குது. வாசிக்காத சேருக்கே தெரிஞ்சிருக்கு, தாய் இல்லாம இந்தக் கதை ஓடாது எண்டு. நீங்களும் அண்டைக்குச் சட்டெண்டு ஒரு பொய் சொன்னீங்களே, அம்மாவைப் பாத்து எழுதினனான் எண்டு. அந்தப் பொய்யை எழுதிக்கொண்டு வாங்க.”

அம்மாவை ஏன் சாகவைத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கதைக்கு வசதி என்று எனக்கே சொல்லிக்கொண்டது பொய். அப்பாவுக்குப் பிறகு அம்மா சந்தையில் கருவாடு விற்றுத்தான் என்னைப் படிப்பித்தார். என் புத்தகப் பையில் அந்த மணம் இருந்தது. வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அப்பாவின் கடலை எழுதினால் அழகாக வந்தது. அம்மாவின் கருவாட்டுக் கூடையை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வயதிலும் வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

என் கணவருக்கு வாயில் ஒரு கதை தங்காது. அன்று சாப்பிட இருக்கும்போது கைக்குழந்தைக்காரி, சேர், மூன்றாவது வரி என்று ஒன்று விடாமல் அம்மாவிடம் ஒப்புவித்துவிட்டார். நான் தட்டைப் பார்த்தபடி இருந்தேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா சொதியை ஊற்றிவிட்டுக் கேட்டார்.

“காய்ச்சலிலயே என்னைச் சாக்காட்டினனி?”

நான் சொதியைச் சோற்றோடு பிசைந்தேன்.

“காய்ச்சலோட எத்தினை நாள் நான் சந்தைக்குப் போனனான் எண்டு தெரியுமே உனக்கு?”

எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த நாள் காலை கொப்பியும் பேனையுமாகக் குசினிக்குள் போய்க் கேட்டேன். “உனக்கு வேற வேலையில்லையே” என்றார் அம்மா. பிறகு சொல்லத் தொடங்கினார். பல மாதம் நிறுத்தவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. அணிந்துரை ஒன்றுகூட இல்லை. (“ஏன், ஆரோடையும் கோபமோ?” என்று சொந்தக்காரர் விசாரித்தார்கள். மாமாவுக்கு உண்மையிலேயே கோபம்.) வெளியீட்டு விழாவில் கதிரவேல் சேர் முதற்பிரதியைப் பெற்றுக்கொண்டு, “அந்தத் தாயைப் பற்றி நான் அப்பவே சொன்னனான்” என்று பேசினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. புத்தகத்தை இன்னும் வாசித்தாரோ தெரியாது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் வரும் பக்கங்களை மட்டும் வாசித்தார். அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு ஆர் வந்தாலும் புத்தகத்தைக் கையில் கொடுத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்லுவார்:

“நான் இதில முதலில செத்துப்போய்த்தான் கிடந்தனான். சேர்தான் எழுப்பிவிட்டவர். வாசிக்காமலே.”