மோர் குடிக்காத விலாக்காரர்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது மூன்று பிள்ளைகள், பதினோரு நாய்கள், கணக்கில்லாத கன்றுகள். இதில் ஒன்றாவது என் வீட்டில் மெலிந்து கிடந்தது என்று எங்கள் ஊர் பெருமாட்டியில் ஒரு ஆள் சொல்லட்டும், பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன்.

என் வீட்டு வாசலை மிதித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர் காபி குடிப்பார். ஓட்டுக் கேட்டு வந்த மூன்று கட்சிக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து இட்லி தின்றிருக்கிறார்கள். கோவிந்தாபுரத்துக்குப் போக வேண்டிய மாட்டு வியாபாரி ஒருவர் எங்கள் தோப்புக்குள் வழி தவறி வந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, அப்புறம்தான் வழியே கேட்டார். இவர் மட்டும் நான்கு மாதம் வியாழன் தவறாமல் வந்தார். நான்கு மாதமும் தொண்டை நனையாமல் போனார்.

பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் விலாக்காரர். நாயைக் கண்டால் முதலில் விலாவைத்தான் தடவுவார். சாந்தன்பாறை மலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட பங்களாவில் நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்தவர். இடுப்பில் ஒரு சின்னத் தூக்குப்போசி தொங்கும். அதற்குள் வேகவைத்த கோழி ஈரல், உளுந்தளவு துண்டுகளாக. நாய் சொன்னபடி கேட்டால் ஒரு துண்டு. அந்த வாசத்துக்கு அவர் பின்னாலேயே நான்கு பூனை வரும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அதனால் எந்தக் கூட்டத்திலும் அவருக்கு இரண்டு சீட்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகன் ஒரு கறுப்பு லேப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து விட்டான். என் பேத்தி மலர் அதற்குப் பூச்சி என்று பெயர் வைத்தாள். நாலாம் மாதத்தில் அந்தப் பெயருக்கும் அந்த உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. நெய்ச்சோறு, பாலில் பிசைந்த சோறு, நடுவில் ஒரு வெல்லத் துண்டு என்று என் கைப்பக்குவம் அப்படி. மகன் போட்ட புது டைல்ஸ் தரையில் அது நடந்தால் பின்னங்கால் இரண்டும் இரண்டு திசைக்குப் போகும். ஒருநாள் விழுந்த இடத்தில் எழமுடியாமல் கத்தியது. மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னும் எடை ஏறினா இடுப்பு போயிடும். பெறகு ஆயுசுக்கும் ஓடாது" என்று சொல்லி, விலாக்காரரை அனுப்பிவைத்தார்.

வந்தார். பூச்சியின் விலாவில் கையை வைத்தார். எதையோ தொலைத்தவர்போல ரொம்ப நேரம் தேடினார்.

"என்ன தாயி, நாய் வளக்கீகளா, பூசணிக்கா வளக்கீகளா?"

"ஏனுங்க, பதனோரு நாய் வளத்துனவ நானு. மொதல்ல உக்காருங்க, மோர் குடிங்க."

"நாய்க்கு விலா கையில தட்டுற அன்னைக்குக் குடிக்கேன். அதுவரைக்கும் உங்க ஊட்டுல பச்சத் தண்ணி படாது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! வந்தவரைப் பட்டினியாக அனுப்பினால் எங்கள் பக்கம் அது வைததற்குச் சமம். நாலு பேருக்குத் தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? என் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். விலாக்காரர் அவர் விலாவிலும் கையை வைத்துப் பார்த்தார். "இவுகளுக்கும் விலா இருக்குன்னு நம்புதேன். கைக்குச் சிக்கல."

அன்றைக்கே சட்டம் போட்டார். டாக்டரம்மா சொன்ன அளவுதான் சோறு. டைல்ஸ் முழுக்கச் சாக்கு விரிக்க வேண்டும். குட்டி மாடிப்படி ஏறக்கூடாது. ஒரேயடியாக ஓடவிடக்கூடாது. தோப்பு மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக நடத்த வேண்டும். பாடம் ஐந்து நிமிடம்தான். "அதுக்கு மேல குட்டிக்கும் ஏறாது, நமக்கும் பொறுமை இருக்காது" என்பார். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், சோறு வைத்தாலும் "ம்" என்ற பிறகுதான் வாய் வைக்க வேண்டும். காதைப் பார்க்க, நகம் வெட்ட, வாயைத் திறக்க எல்லாம் இப்போதே பழக்க வேண்டும். வாயைத் திறக்கும் விதத்தை விலாக்காரர் என் வீட்டுக்காரரின் தாடையைப் பிடித்துத்தான் எனக்குக் காட்டினார்.

எங்கள் வீட்டில் சாக்கு விரித்த கோலத்தைப் பார்த்த சம்பந்தி, "நெல்லுக் காயப்போட்டீங்களா?" என்று கேட்டார்.

தேங்காய் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசில் வேட்டியைத் தொட்டில் கட்டி, வியாழன்தோறும் விலாக்காரர் பூச்சியைத் தொங்கவிடுவார். அதுவும் பெரிய மனிதர்போல நாலு காலையும் நீட்டிக்கொண்டு தொங்கும். மூன்று வாரமாகச் சோற்றைக் குறைத்தும் எடை ஏறிக்கொண்டே போனது.

நாலாம் வியாழன் எல்லோரையும் வாசலில் வரிசையாக நிற்கச் சொன்னார். நான், என் வீட்டுக்காரர், மகன், மருமகள், மலர். எல்லோரும் வெறுங்கையோடு. பூச்சியை அவிழ்த்துவிட்டார். அது யாரையும் பார்க்கவில்லை. நேராக என் முன்னால் வந்தது. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே அழகாக உட்கார்ந்தது.

"அது என்றமேல இருக்கற பாசமுங்க" என்றேன்.

"பாசம் மூஞ்சியப் பாக்கும் தாயி. இது உங்க மடியத்தான பாக்குது."

மடியில் இருந்த வெல்லத்தை எடுத்துக் கொடுத்தேன். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

விலாக்காரர் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, வெல்லத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தோட்டத்துல நானும் ஒண்ண வளத்தேன் தாயி. என் தட்டுல பாதி அதுக்குத்தான். இடுப்பு போச்சு. அந்த மலையேத்தத்துல ஒண்ணுக்குப் போகக்கூட நான்தான் தோள்ல தூக்கிட்டுப் போவேன். அது வெக்கப்பட்டு என் மூஞ்சியவே பாக்காது. அப்ப எனக்குச் சொல்ல ஆள் இல்ல."

மறுநாள் காலையில் ஒரு கொட்டாங்குச்சியைச் சுத்தமாக வழித்துக் கழுவினேன். டாக்டரம்மா சொன்ன அளவை அதில் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோடுதான் பூச்சிக்கு. அதையும் தட்டில் வைக்காமல் தேங்காய்மட்டைக் குவியலுக்குள் அங்கங்கே ஒளித்து வைப்பேன், அது மோந்து தேடித் தின்னும். அது என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, மூன்று பிள்ளைகளுக்குப் பால் மறக்கவைத்தபோதுகூட நான் இவ்வளவு அழவில்லை.

நாலு மாதம் முடிகிற வியாழன். விலாக்காரர் வந்து, விலாவில் கையை வைத்தார். விரல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினார். அந்த நேரம் பார்த்து ஒரு அணில் தென்னையிலிருந்து இறங்கியது. பூச்சி அவர் கையிலிருந்து நழுவித் தோப்புக்குள் பாய்ந்தது. பின்னங்கால் இரண்டும் சேர்ந்து எழும்பி, சேர்ந்து ஊன்றின. "வா" என்று ஒரு சத்தம்தான் கொடுத்தார். அணிலை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.

விலாக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தாயி, மோர் இருக்கா?"

"இருக்குதான்னு பாக்கறனுங்க" என்று மெதுவாக உள்ளே போனேன். வியாழன்தோறும் ஒரு சொம்பு மோர் கலக்கி வைப்பதும், அவர் போன பிறகு நானே குடிப்பதும் அவருக்கு எதற்குத் தெரியவேண்டும்?

ஒரே மூச்சில் குடித்தார். "உப்பு இல்லையே!"

போட மறந்துவிட்டேன். விடுவேனா? "உப்பு ஒடம்புக்கு ஆகாதுங்க" என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். மேலே இரண்டு பல் இல்லை.

போன வருடம் அவர் சாந்தன்பாறையில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கே போய்விட்டார். சாக்கை எல்லாம் எடுத்துவிடலாம் என்கிறாள் மருமகள். இருக்கட்டும் என்றேன். வியாழக்கிழமை உப்புப் போடாத மோர் ஒரு சொம்பு படியில் இருக்கும். பூச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், வாய் வைக்காது. "ம்" என்று யாரும் சொல்லவில்லையே.

மலரு, இங்க வா கண்ணு. இத ஒருக்காப் படிச்சுக் காட்டு. அந்த மனுசனப் பத்தி எங்காச்சும் நல்லதாச் சொல்லிப்போட்டனான்னு பாரு. சொல்லியிருந்தா... அந்த வரிய அடிக்காத, இருந்துட்டுப் போகட்டும்.