காரைக் குளிர வைத்த சின்னக் கிராணி

எனக்குக் கார் ரிப்பேர் தெரியாது என்பது எனக்குத் தெரிய வரவே இருபத்திரண்டு வயதாகிவிட்டது. தெரிய வந்த அன்று அக்காவின் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. (மூன்று இங்கிலீஷ் கடிதம் டைப் அடித்ததும் உலகமே புரிந்துவிட்டதாக நினைக்கிற உத்தியோகம்.) அக்கா சரஸ்வதிக்கு மலாக்கா டவுனில் வரன் அமைந்தது. தட்டு மாற்ற வரும் பையன் வீட்டாரை அழைத்து வர, பெரிய கிராணியார் தன் காரைத் தந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சீமைக்குத் திரும்பிய துரையிடமிருந்து அந்தப் பழைய காரை வாங்கியவர்.

"தம்பி, உள்ளுக்க கொஞ்சம் சுடும். பொறுத்துக்கொண்டு ஓட்டும். ஒண்டையும் தொடாதையும்," என்றார்.

கொஞ்சமா? டாஷ்போர்டுக்குக் கீழிருந்து அனல் அடித்து முழங்கால் வரை வெந்தது. பட்டுப்புடவை கட்டிய சம்பந்தியம்மாளை இதிலா உட்கார வைப்பது? முந்தின நாளே வைத்தியத்தில் இறங்கினேன். தரைத்தகட்டு ஓட்டை வழியாக இன்ஜின் சூடு ஏறுகிறது என்று முடிவு கட்டி, கோணிச்சாக்கைத் திணித்தேன். சாக்கு கருகிய வாடை வந்ததே தவிர, அனல் நிற்கவில்லை. பானெட்டைத் திறந்தேன். இன்ஜினிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தன. குழாயில் ஒரு சின்னத் திருகு. அதை மூட முடியாதபடி கம்பியால் கட்டியிருந்தது. அடடா, புரிந்துவிட்டது! குளிர்நாட்டுக்காரன் காருக்குள்ளேயே கணப்பு வைத்திருக்கிறான். எந்த மடையனோ நம் ஊர் வெயிலில் அதைத் திறந்தபடி கட்டித் தொலைத்திருக்கிறான்! கம்பியை வெட்டினேன். திருகை மூடினேன். ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோர் வரை ஓட்டிப் பார்த்தேன். காலடியில் அனலே இல்லை.

மறுநாள் விடியற்காலையில், வெறும் காராக மலாக்கா போனபோதும் ஒரு குறையும் தெரியவில்லை. பையன், அப்பா, அம்மா மூவரும் ஏறினார்கள். கூடவே தட்டுகள்: அரிசி, சர்க்கரை, டின்பால், பழம். அந்த நாளில் தோட்டத்துப் பக்கம் ஒரு பிடி அரிசி போனாலும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கோ என்று சந்தேகம். அதனால் போலீசில் பெர்மிட் வாங்கியிருந்தோம். சாப்பாட்டுச் சாமான் ஏற்றிய வண்டி வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டியவன் நான்தான்.

"பரவால்லையே தம்பி, பழைய காருன்னாங்க. சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கே," என்றார் பையனின் அம்மா.

நான் அடக்கமாகச் சிரித்தேன். (ஏன் ஜிலுஜிலு என்று வாயைத் திறந்து பெருமை அடிக்காதது அன்று நான் செய்த ஒரே சாமர்த்தியம். அதுவும் எனக்குத்தான் உதவியது, அக்காவுக்கு அல்ல.)

பாதி வழியில் மஸ்ஜித் தானா என்ற ஊரைத் தாண்டியதும் வெயில் உச்சிக்கு வந்தது. பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. கார் முனகியது, நின்றது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், ஆள் நடமாட்டம் இல்லை. அரை மணி நேரத்தில் ரோந்து லாரி வந்து சேர்ந்தது.

"ஆப்பா இனி?" (என்ன இது?) என்று ஒரு மலாய்ப் போலீஸ்காரர் தட்டின் மேல் துணியை விலக்கினார்.

கல்யாணச் சாமான் என்று கெஞ்சினேன். பெர்மிட்டை நீட்டினேன்.

"கல்யாணம் ரப்பர் காட்டுக்குள்ளயா?" என்று மலாயில் கேட்டார். நியாயமான கேள்விதான். சரிகை வேட்டியோடு சம்பந்தியைத் தலையில் கை வைக்கச் சொல்லி ரோட்டோரம் குந்த வைத்தார்கள். பிறகு எல்லாரையும் லாரியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

பெரிய கிராணியார் வந்து சாட்சி சொல்லி எங்களை வெளியே எடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. அப்பாவும் கூட வந்திருந்தார். அவரைப் பார்த்துப் பையனின் அம்மா சொன்னார்: "பொண்ணு வீட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாடியே போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி! இப்பேர்ப்பட்ட ராசிக்காரி எங்களுக்கு வேணாம்லா."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "அக்கா ராசி இல்லைங்க, நான்தான் திருகை மூடினேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அப்பாவின் கைக்குப் பயம். வெட்கம் வேறு. கோழைப்பயல்!

மறுநாள் பெரிய கிராணியார் பானெட்டைத் திறந்து பார்த்தார். "ரேடியேட்டர் பாதி அடைச்சுக் கிடக்குது தம்பி. இன்ஜினின்ட மிச்சச் சூட்டை உள்ளுக்க இழுக்கத்தான் நான் கம்பி கட்டினனான்." (நான் திட்டிய மடையன் அவர்தான்.) பானெட்டைச் சாத்தினார். "வீட்டில நீரே சொல்லும்," என்றார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ராசியில்லாத பெண் என்ற பேச்சு மலாக்கா முழுக்கப் பரவியது. அதன் பிறகு வந்த வரன்கள் டவுனில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயின. அக்கா தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள். கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

இப்போது அது எங்கள் வீட்டுச் சிரிப்புக் கதை. மிக்சி மக்கர் செய்தாலும் சரி, காற்றாடி நின்றாலும் சரி, "தாத்தாகிட்ட காட்டாதீங்கலா, குளிர வெச்சிடுவாரு!" என்று பேரப்பிள்ளைகள் கத்தும். எல்லாரையும்விட அக்காதான் அதிகம் சிரிப்பாள். போன தீபாவளியன்றும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பா ரெண்டு அறை விட்டிருப்பாரு. அவ்வளவுதானேடா தம்பி?"